ஐரோப்பாவின் அடுத்த பத்து ஆண்டுகள்: செலவு யார் தலையில், வாக்கு யார் கையில்?

#1 ரூர்க்கரையான் (ஹம், ஜேர்மனி)

வணக்கம் உறவுகளே. ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு வந்தவர்களுக்கு உவென்ட்ரொப் தெரிந்திருக்கும். கோயில் இருக்கும் அதே பகுதியில்தான் வெஸ்ட்ஃபாலன் அனல்மின் நிலையமும் இருக்கிறது. அதன் புதிய நிலக்கரி உலை 2014இல் ஓடத் தொடங்கி, 2020 முடிவோடு மின்சந்தையை விட்டு விலகியது. ஆறே ஆண்டு. ஒரு நாடு மனம் வைத்தால் எவ்வளவு வேகமாக மாறலாம் என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைப்பேன்.

2024 ஜூன் ஐரோப்பியத் தேர்தலுக்குப் பிறகு எங்கள் ஆட்கள் கூடும் இடங்களில் இரண்டு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. பசுமைக் கட்சிகள் எழுபதுக்கு மேலிருந்து 53 ஆசனங்களுக்கு இறங்கின. "ஹீட்டரிலும் காரிலும் கை வைத்தார்கள், அதனால்தான் சனம் வலது பக்கம் போனது" என்பது ஒரு பேச்சு. "வெளிநாட்டவர் பக்கம் நின்றதால்தான் தோற்றார்கள், அதை விட்டுவிட்டுக் காலநிலையை மட்டும் பார்க்கலாம்" என்பது மற்றது. இரண்டுமே பிழை என்பது என் எண்ணம். அதைப் பற்றித்தான் கதைக்க வந்தேன்.

முதலில் சுரங்கக் கதை. ஜேர்மனியின் கடைசி நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் பொட்ரொப்பில் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. மூடும் முடிவு 2007இலேயே எடுக்கப்பட்டது. நடுவில் பதினொரு ஆண்டு. அந்தப் பதினொரு ஆண்டும் தொழிற்சங்கம் ஒன்றையே பிடித்துக்கொண்டு நின்றது: ஒருவரும் வேலையிழந்து தெருவில் விழக் கூடாது. முன்கூட்டிய ஓய்வூதியம், மறுபயிற்சி, வேறு சுரங்கத்துக்கு மாற்றம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வழி பார்த்தார்கள். என் மாடிக்கு மேல் வீட்டில் இருந்த துருக்கியர் ஒருவர் அப்படித்தான் ஓய்வுக்குப் போனார். அவருக்கும் ஜேர்மன் தொழிலாளிக்கும் ஒரே கணக்கு.

ஏன் ஒரே கணக்கு? 1972 சட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டுத் தொழிலாளர், தொழிலாளரின் பிரதிநிதிகள் இருக்கும் தொழிலகக் குழுவுக்கு வாக்குப் போடுவது மட்டுமல்ல, அதில் போட்டியிட்டு வரவும் முடிந்தது. நிலத்துக்குக் கீழே அவருக்குக் குரல் இருந்தது. மேலே வந்தால் நகரசபைத் தேர்தலில் இல்லை. ஹம்பேர்க்கும் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனும் வெளிநாட்டவருக்கு உள்ளூர் வாக்குரிமை கொடுக்கப் பார்த்தபோது, 1990 ஒக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பிறகு மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தால் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு அந்த உரிமை வந்தது. மற்றவர்களுக்கு இன்றுவரை இல்லை. நேற்று வந்த போலந்துக்காரர் மேயரைத் தேர்ந்தெடுக்கலாம். நாற்பது ஆண்டு இருந்த துருக்கியர் முடியாது. ஈழத்தவர் முடியாது. (போலந்துக்காரருக்குக் கொடுத்தது சரியானது. குறை அதுவல்ல.)

இனி ஹீட்டர். 2021இல் எரிவாயுவும் எண்ணெயும் எரிந்து வெளிவிடும் கரியமில வாயுவுக்கு டன்னுக்கு 25 யூரோ கரிமக் கட்டணம் வந்தது. 2025இல் 55. அதில் வரும் காசை ஆளுக்கு இவ்வளவு என்று திருப்பித் தருவோம் என்று 2021 கூட்டணி எழுதியது. அது வரவே இல்லை. அப்புறம் 2023இல் ஹீட்டர் சட்டம். எதை மாற்ற வேண்டும் என்ற செய்தி முதலில் வந்தது, அரசு எவ்வளவு தரும் என்ற செய்தி மாதக்கணக்கில் பிந்தி வந்தது. அந்த இடைவெளியில்தான் பயம் புகுந்தது. வாடகை வீட்டுக்காரருக்குத் தன் ஹீட்டரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லை, ஆனால் கட்டணம் அவர் தலையில்.

ஆக என் கேள்வி இதுதான். காலநிலையும் பன்மைத்துவமும் இரண்டு வேறு கோரிக்கைகளா? செலவை யார் தலையில் வைப்பது என்பதை முடிவு செய்யும் மேசையில், அந்தச் செலவைச் சுமப்பவர் இருக்கிறாரா இல்லையா என்ற ஒரே விடயம்தான் இரண்டிலும் எனக்குத் தெரிகிறது. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் எழுதுங்கள்.


#2 லாசப்பல் வாசகன் (பாரிஸ்)

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் 2018 நவம்பர் 17தான் ஞாபகம் வந்தது. எரிபொருள் வரிக்கு எதிராக மஞ்சள் அங்கிக்காரர் பிரான்ஸ் தெருக்களில் இறங்கிய முதல் நாள். 2019 ஜனவரியில் டீசலுக்கு லீற்றருக்கு ஆறரை சதம் கூட வரி வருவதாக இருந்தது. அதே 2018இல்தான் பெரும் பணக்காரருக்கான செல்வ வரியை எடுத்துவிட்டு, அசையாச் சொத்துக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். பஸ் இல்லாத ஊரில் இருந்து வேலைக்குக் கார் ஓட்டுகிறவன் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இருப்பானா? டிசம்பரில் வரி உயர்வைக் கைவிட்டார்கள். அவர்களைக் காலநிலைக்கு எதிரி என்று எழுதியவர்கள் பலர். அந்த மக்கள் கேட்டது நியாயம்.

நான் இருபத்திரண்டு ஆண்டு உணவகச் சமையலறையில் வேலை செய்கிறேன். பாரிசில் எங்கள் ஆட்கள் பாதிப்பேரின் கதை அதுதானே. ஆகஸ்ட் மாதம் நிலவறைச் சமையலறை எப்படி இருக்கும் என்று வெளியே சொல்லிப் புரியவைக்க முடியாது. வேலை முடிந்து போவது துத்தநாகத் தகட்டுக் கூரைக்குக் கீழே இருக்கும் ஆறாம் மாடி அறைக்கு. இரவு பன்னிரண்டு மணிக்கும் சுவர் சுடும். 2003 கோடையில் பிரான்சில் மட்டும் 15,000 பேர் அளவில் வெப்பத்தால் கூடுதலாக இறந்தார்கள். கூரைக்குக் கீழே தனியாக இருந்த வயதானவர்கள் அதில் நிறையப் பேர்.

2025 ஜூலை 1 முதல் ஒரு நல்ல விடயம் நடந்தது. வெப்ப எச்சரிக்கை வந்தால் முதலாளி வேலை நேரத்தை மாற்ற வேண்டும், காற்றோட்டம் பார்க்க வேண்டும், குழாய்த் தண்ணீர் இல்லாத இடத்தில் ஆளுக்கு நாளுக்கு 3 லீற்றர் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று ஆணை வந்தது. இத்தனை பாகைக்கு மேல் வேலையே கூடாது என்ற எல்லை அதில் இல்லை. ஆனாலும் தொடக்கம்.

ஆனால் அண்ணா, விசா இல்லாத பொடியன் அந்தத் தண்ணீரைக் கேட்பானா? நான் வேலை செய்த ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு பொடியன் அடுப்படியில் மயங்கி விழுந்தான். அம்புலன்சுக்கு அடிக்க வேண்டாம் என்று அவனே எங்கள் காலைப் பிடித்தான். மனதில் இருந்து போகாத காட்சி அது. 2024 ஜூனில் இத்தாலியின் லத்தீனாவில் விசா இல்லாத பஞ்சாபித் தொழிலாளி ஒருவரின் கை இயந்திரத்தில் துண்டானபோது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். அவர் இறந்துபோனார். ஐரோப்பா சாப்பிடும் காய்கறி அப்படிப்பட்ட வயலில் இருந்தும் வருகிறது.

2024 ஜனவரிச் சட்டத்தில் ஒரு சின்னக் கதவு திறந்தது. ஆள் பற்றாக்குறை உள்ள தொழிலில் இருப்பவர், மூன்று ஆண்டு பிரான்சில் இருந்து, கடைசி இரண்டு ஆண்டில் பன்னிரண்டு மாதம் வேலை செய்ததைக் காட்டினால், முதலாளியின் கையெழுத்து இல்லாமலே விண்ணப்பிக்கலாம். அது 2026 முடிவு வரை என்று போட்ட பரீட்சார்த்தம். அதை நிரந்தரமாக்குவது காலநிலைக் கொள்கை என்பேன் நான். வெப்பச் சட்டத்தைக் கேட்டுப் பெறக்கூடிய ஆள் இல்லாமல் வெப்பச் சட்டம் எதற்கு?


#3 ஜூட்லாந்து இளையவன் (டென்மார்க்)

இரண்டு அண்ணாமாரும் மனம் தொட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நான் மறுத்துக் கதைக்கப் போகிறேன், கோபிக்க வேண்டாம்.

டென்மார்க்கைப் பாருங்கள். பூமியைச் சூடாக்கும் வாயு வெளியேற்றத்தில் 1990 அளவில் இருந்து 2030க்குள் 70 வீதம் குறைப்பு என்று சட்டம் போட்ட நாடு. 2024இல் விவசாயிகள் சங்கத்தையும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பையும் அரசையும் ஒரே மேசையில் இருத்தி, 2030 முதல் மாடு, பன்றி வெளியிடும் வாயுவுக்கு வரி என்று உடன்பாடு கண்டார்கள். டன்னுக்கு 300 குரோனர், 2035இல் 750. வேறெந்த நாடும் அதுவரை துணியாதது. இதையெல்லாம் முன்னின்று செய்தது குடியேற்றத்தில் மிகக் கடுமையாக நின்ற சமூக ஜனநாயகக் கட்சி. அதே கடுமையால்தான் தீவிர வலதுசாரியான டேனிஷ் மக்கள் கட்சி 2022இல் 2.6 வீதத்துக்கு விழுந்தது. சமூக ஜனநாயகக் கட்சிக்கோ அந்தத் தேர்தல் இருபது ஆண்டில் காணாத வெற்றி.

நான் இங்கேயே பிறந்தவன். கடுமையான கொள்கை எனக்கு இனிக்கவில்லை. என்றாலும் பூமி சூடாகிக்கொண்டிருக்கும்போது, ஆட்சியில் இருந்தால்தானே எதையும் செய்யலாம்? எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டினால் மூட்டையையே தூக்க முடியாமல் போகும் என்பது என் பயம்.


#4 வடதிசைப் பறவை (ஒஸ்லோ)

இளையவன் தம்பி, உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. பதிலை ரூர்க்கரையான் அண்ணாவுக்கு விட்டுவிட்டு, நான் எங்கள் பக்கத்துக் கதை ஒன்றைச் சொல்கிறேன். காலநிலையும் பன்மைத்துவமும் நேருக்கு நேர் மோதிய இடம் அது. இரண்டும் எப்போதும் கைகோத்துப் போகும் என்று நாங்களே நம்பிக்கொண்டிருக்கக் கூடாது.

நோர்வேயின் நடுப்பகுதியில் ஃபோசன் தீபகற்பம். அங்கே ஸ்டோர்ஹைய, ருவான் என்ற இரண்டு காற்றாலைப் பண்ணைகளில் மொத்தம் 151 காற்றாலை. சுத்தமான மின்சாரம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மேட்டு நிலம் அங்குள்ள பழங்குடியினரான தென் சாமி மக்களின் கலைமான்கள் குளிர்காலத்தில் மேயும் இடம். கடும் பனிக்காலத்தில் கலைமானுக்கு வேறு போக்கிடம் குறைவு. சுழலும் காற்றாடிக்குக் கிட்ட அது போகாது. மந்தை போனால் அவர்களுக்குத் தொழில் மட்டுமா போகிறது? மொழி போகிறது. கலைமானைப் பற்றியும் பனியைப் பற்றியும் அந்த மொழியில் இருக்கும் சொற்களை மந்தைக்குப் பின்னால் நடந்துதான் ஒரு பிள்ளை பழகும்.

சாமி குடும்பங்கள் வழக்குப் போட்டன. வழக்கு நடக்கும்போதே 2018 டிசம்பரில் ஐ.நா. இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு கட்டுமானத்தை நிறுத்திவைக்கச் சொன்னது. அரசு நிறுத்தவில்லை. 2021 ஒக்டோபர் 11இல் உச்ச நீதிமன்றம் பதினொரு நீதிபதிகளும் ஒரே குரலாகத் தீர்ப்புச் சொன்னது: சிறுபான்மையினர் தங்கள் பண்பாட்டை அனுபவிக்கும் உரிமை மீறப்பட்டது, உரிமம் செல்லாது. அதற்குப் பிறகும் காற்றாலைகள் சுழன்றுகொண்டே இருந்தன. தீர்ப்பு வந்து 500 நாளானபோது, 2023 பெப்ரவரியில் சாமி இளையவர்கள் எண்ணெய், எரிசக்தி அமைச்சுக்குள் போய் உட்கார்ந்தார்கள். கிரெட்டா துன்பெர்க் அவர்களோடு வந்து இருந்தார். காலநிலைக்காகவே உலகம் அறிந்த பெண், காற்றாலைக்கு எதிரான போராட்டத்தில்! அன்று இங்கே பலர் குழம்பினார்கள். எனக்கு அன்றுதான் தெளிவு வந்தது. அவர்கள் காற்றாலை வேண்டாம் என்று கேட்கவில்லை. எங்களைக் கேட்காமல் எங்கள் நிலத்தில் வைக்காதே என்றார்கள். அதற்கு முன் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அரசு அவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சாமி மொழி கதைக்க விடாமல் நோர்வேஜியர் ஆக்கப் பார்த்தது. அந்தக் காயத்துக்கு மேல்தான் இந்தக் காற்றாடி வந்து நின்றது.

2023 டிசம்பரில் தெற்கு ஃபோசன் குடும்பங்களோடும், 2024 மார்ச்சில் வடக்கு ஃபோசன் குடும்பங்களோடும் உடன்பாடு வந்தது. தெற்கில் இழப்பீட்டோடு, உரிமக் காலம் முடிந்தபின் காற்றாலை தொடர்வதா என்பதில் மறுப்புரிமையும் கிடைத்தது. 2024 நவம்பரில் பாராளுமன்றம் நோர்வேமயமாக்கலுக்காக மன்னிப்புக் கேட்டது. முதலிலேயே அந்த மக்களின் சம்மதத்தைக் கேட்டிருந்தால் பத்து ஆண்டு வழக்குச் செலவும் மனக்கசப்பும் இல்லாமல், வேறொரு மேட்டில் அதே மின்சாரம் வந்திருக்கும். மொழியையும் நிலத்தையும் சேர்த்து இழக்கும் வலி என்னவென்று எங்களுக்கு ஒருவர் விளக்கத் தேவையில்லை. அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

வாக்குரிமை பற்றி ஒரு வரி. நோர்வேயில் 1983 முதல், மூன்று ஆண்டு வசித்த எந்த நாட்டவரும் நகரசபைத் தேர்தலில் வாக்களிக்கலாம். வந்து நான்காவது ஆண்டில், நோர்வேஜிய மொழி தடுமாறிக்கொண்டிருந்த காலத்திலேயே நான் வாக்குப் போட்டேன். ஈழத்தில் பிறந்த கம்சாயினி குணரத்தினம் 2015இல் ஒஸ்லோவின் துணை மேயர் ஆனார், 2021இல் பாராளுமன்றம் போனார். வாக்குக் கேட்டு எங்கள் வீட்டுக் கதவைக் கட்சிக்காரர் தட்டிய அந்த நாட்களில் இருந்துதான் அந்தப் பாதை தொடங்கியது.


#5 சில்மலை (சூரிச்)

நான் இங்கே பிறந்து வளர்ந்தவள், தமிழில் எழுதிப் பழகுகிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்.

காசைத் திருப்பிக் கொடுப்பது பற்றி. சுவிசில் எரிவாயு, எண்ணெய் மீது டன்னுக்கு 120 பிராங்க் கரிம வரி 2022 முதல் இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவு மக்களுக்கும் நிறுவனங்களுக்கும் திரும்பி வருகிறது. ஆளுக்குச் சமமாக. குழந்தைக்கும் அதே தொகை, என் அம்மம்மாவுக்கும் அதே தொகை, குடியுரிமை இல்லாதவருக்கும் அதே தொகை. மருத்துவக் காப்புறுதி இருந்தால் போதும். அண்மை ஆண்டுகளில் ஆளுக்கு 60 பிராங்குக்குச் சற்று மேல். சிறிய வீட்டில் இருந்து குறைவாக எரிக்கும் பெரிய குடும்பத்துக்கு இது லாபம். அப்படியென்றால் எங்கள் ஆட்களில் பலருக்கு லாபம்.

ஆனால் அது காப்புறுதிக் கட்டணத்தில் ஒரு வரியாகக் கழிந்து போகிறது. என் அப்பாவிடம் கேட்டேன். முப்பது ஆண்டு இங்கே இருக்கிறார், அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. 2021 ஜூனில் புதிய கரிமச் சட்டம் வாக்கெடுப்பில் 51.6 வீதம் பேர் வேண்டாம் என்றதால் தோற்றது. எரிபொருள் கூடப் போகிறது என்பது எல்லோர் காதிலும் விழுந்தது, திரும்பி வரும் காசு யார் கண்ணிலும் படவில்லை. 2023இல், தடை எதுவும் போடாமல் ஹீட்டர் மாற்றுவதற்கு உதவித் தொகை என்று கொண்டுவந்தபோது அதே மக்கள் 59 வீதம் ஆம் என்றார்கள்.

ஒஸ்திரியாவில் நேரே வங்கிக் கணக்குக்கே அனுப்பினார்கள். 2022இல் விலைவாசி உதவியோடு சேர்த்து 500 யூரோ. கண்ணுக்குத் தெரிந்த காசு. உடனே என்ன சண்டை வந்தது தெரியுமா? புகலிடம் கேட்டு இருப்பவனுக்கும் ஏன் என்று. அடுத்த ஆண்டு அவர்களை நீக்கினார்கள். 2025இல் எல்லோருக்குமே நிறுத்திவிட்டார்கள், கரிமக் கட்டணம் மட்டும் இருக்கிறது. இளையவன் அண்ணா, மூட்டையைப் பிரித்துப் பார்த்த கதை இது. யாரை முதலில் இறக்கிவிடலாம் என்று தொடங்கினால் அது அங்கேயே நிற்பதில்லை.

2024 ஏப்ரலில் சுவிஸ் மூத்த பெண்கள், இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள், ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றத்தில் வென்றார்கள். வெப்பத்தில் இருந்து எங்களைக் காக்க அரசு போதியது செய்யவில்லை என்று. அந்தச் சங்கத்து அம்மாக்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. அதே நேரம் ஒன்று நெஞ்சில் தைக்கிறது. இந்த நாட்டில் வசிப்பவர்களில் கால்வாசிக்கு மேல் வெளிநாட்டவர். எந்த வாக்கெடுப்பிலும் அவர்கள் இல்லை. நியூஷாத்தெல், ஜூரா போன்ற ஒருசில கன்ரோன்கள் (மாநிலங்கள்)தான் விதிவிலக்கு. என் அம்மா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். வெப்ப அலை வந்தால் அந்த முதியவர்களுக்குத் தண்ணீர் பருக்கி உயிரைக் காப்பது அவர்தான். காலநிலைச் சட்டத்துக்கு வாக்குப் போட அவருக்கு உரிமை இல்லை.


#6 கொங்குப் பட்டறை (கோவை)

எல்லோருக்கும் வணக்கம். நான் ஐரோப்பாவில் இல்லை. ஆனால் என் பட்டறையின் போல்ட், நட்டு அங்கே போகிறது, அதனால் இந்த விவாதத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

கார்பன் எல்லை வரி பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. இரும்பு, சிமென்ட், அலுமினியம், உரம் இவற்றை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறக்குமதி செய்யும்போது அதைத் தயாரிக்க வெளியான கரியமில வாயுவுக்கும் விலை. 2023 அக்டோபரில் கணக்கு மட்டும் கொடுக்கச் சொன்னார்கள். 2026 ஜனவரி முதல் போகும் சரக்குக்குப் பணம். முதல் ஆண்டில் சிறிய பங்குதான், 2034இல் முழுதாக வந்துவிடும். உள்ளூர் ஆலை கரிமத்துக்குக் காசு கொடுக்கும்போது வெளியிலிருந்து வருவது சும்மா வந்தால் அது நியாயமில்லை. அந்த வாதத்தை நான் ஏற்கிறேன். ஐரோப்பா இதைக் கைவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை.

நடப்பது இப்படி. போல்ட் செய்ய நான் வாங்கும் கம்பி எங்கே உருக்கினது, எந்த உலையில், எவ்வளவு நிலக்கரி என்று கேட்கிறார்கள். ஊது உலையில் உருக்கிய ஒரு டன் எஃகுக்குப் பின்னால் இரண்டு டன்னுக்கு மேல் கரியமில வாயு. கம்பி விற்கும் பெரிய ஆலை என்னைப் போன்ற சின்ன ஆளுக்கு அந்தக் கணக்கைத் தருவதில்லை. கணக்கு இல்லையென்றால் அவர்கள் வைத்திருக்கும் பொது மதிப்பைப் போடுவார்கள், அது பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். எங்கள் பகுதியில் மில்லுக்காரர்கள் தொண்ணூறுகளிலேயே சொந்தக் காற்றாலை போட்டவர்கள். என் பட்டறைக்கும் காற்றாலை மின்சாரம்தான். ஆனால் இரும்புக்கு உலையிலிருந்து நேரடியாக வெளியாவதை மட்டும்தான் இந்த முறையில் எண்ணுகிறார்கள், மின்சாரம் கணக்கில் வராது. நான் காற்றில் ஓட்டினாலும் நிலக்கரியில் ஓட்டினாலும் ஒரே தாள்.

ரூர்க்கரையான் ஐயா சொன்ன மேசைக் கணக்கை நான் இங்கிருந்து கேட்கிறேன். இந்த வரியில் வரும் பணத்தின் முக்கால் பங்கை ஒன்றியத்தின் பொது நிதிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது ஆணையத்தின் யோசனை. அதில் ஒரு பங்கையாவது, இந்தப் பொருளைச் செய்யும் ஏழை நாடுகளின் சின்னப் பட்டறைகளும் உருக்காலைகளும் மாறுவதற்கு ஒதுக்கச் சொல்லி ஐரோப்பாவின் முற்போக்குக் கட்சிகள் ஏன் கேட்கக் கூடாது? நூறு ஆண்டுக்கும் மேலாக ரூர் பள்ளத்தாக்கு எரித்த நிலக்கரியின் சூட்டை நாங்களும்தான் அனுபவிக்கிறோம். உங்கள் சுரங்கத் தொழிலாளிக்குப் பதினொரு ஆண்டு கொடுத்தீர்கள். எங்கள் லேத் பட்டறைத் தொழிலாளிக்கு எவ்வளவு?


#7 ரூர்க்கரையான் (ஹம்)

கொங்குப் பட்டறை தம்பி, உங்கள் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நான் சுரங்கத்தைப் பற்றி எழுதும்போது உங்களை நினைக்கவே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பணத்தில் ஒரு பங்கு திரும்ப வேண்டும் என்பதை நான் என் கோரிக்கையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

வடதிசைப் பறவை, ஃபோசனைப் பற்றி மேலோட்டமாகத்தான் தெரியும். இன்று முழுதாகத் தெரிந்தது, நன்றி.

இளையவன் தம்பி, கோபம் எதுவும் இல்லை, இதைக் கதைக்கத்தானே இழை திறந்தேன். டென்மார்க்கின் மாட்டு வரி உடன்பாட்டை நானும் மதிக்கிறேன். ஆனால் அது எப்படி நடந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விவசாயியை மேசைக்கு அழைத்தார்கள். நான் கேட்பது அதேதான். விவசாயியை அழைத்ததுபோல மற்றவரையும் அழை.

மற்ற மேசையைப் பாருங்கள். டென்மார்க்கின் 2018 சட்டப்படி, ஒரு சமூகக் குடியிருப்பில் பாதிக்கு மேல் "மேற்கத்தியரல்லாத பின்னணி" என்றால், அதோடு வேலையின்மை, வருமானம் போன்ற அளவுகோல்களும் சேர்ந்தால், அங்கே குடும்பங்களுக்கான சமூக வீடுகளை 40 வீதமாகக் குறைக்க வேண்டிவரும். கொப்பன்ஹேகனின் மியொல்னர்பார்க்கன் குடியிருப்பு ஆட்கள் நீதிமன்றம் போனார்கள். 2025 பெப்ரவரியில் ஐரோப்பிய நீதிமன்றத்தின் அட்வகேட் ஜெனரல் (தீர்ப்புக்கு முன் நீதிபதிகளுக்குச் சட்டக் கருத்துச் சொல்பவர்) இதை இன அடிப்படையிலான நேரடிப் பாகுபாடு என்றே கருத்துச் சொன்னார். தம்பி, நீங்கள் அங்கே பிறந்தவர். அந்தச் சட்டத்தின் எண்ணிக்கையில் நீங்களும் வருவீர்கள், பெற்றோரின் பிறப்பிடத்தையும் குடியுரிமையையும் பொறுத்து நாளைக்கு உங்கள் பிள்ளையும் வரலாம்.

வெற்றிக் கணக்கையும் பார்ப்போம். 2024 ஐரோப்பியத் தேர்தலில் டென்மார்க்கில் முதலிடம் வந்தது குடியேற்றத்தில் மென்மையான, காலநிலையில் உறுதியான சோசலிச மக்கள் கட்சி. 2025 நவம்பரில் சமூக ஜனநாயகக் கட்சி தன் நூற்றாண்டுக் கோட்டையான கொப்பன்ஹேகனையே இழந்தது. ஒரு பக்கத்து வாக்கைப் பிடிக்கப் போய் மறுபக்கத்து வாக்கைத் தொலைத்தார்கள்.


#8 ஜூட்லாந்து இளையவன் (டென்மார்க்)

அண்ணா, கொப்பன்ஹேகன் டென்மார்க் முழுவதும் இல்லை. நான் இருக்கும் பக்கத்துச் சின்ன ஊர்களில் காற்று வேறு மாதிரி வீசுகிறது, அதை நான் தினமும் வேலைத்தளத்தில் கேட்கிறேன். அந்த இடத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை.

ஆனால் பிள்ளையைப் பற்றி எழுதினீர்களே. மகளுக்கு இரண்டு வயது. அந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். சில்மலை தங்கச்சி எழுதிய ஒஸ்திரியக் கதையும் எனக்குப் புதிது.

ஒன்று கேட்கிறேன். கட்டடங்களுக்கும் வாகன எரிபொருளுக்கும் ஐரோப்பா முழுவதும் புதிய கரிமச் சந்தை வரப்போகிறது அல்லவா, 2027 என்று இருந்ததை 2028க்குத் தள்ளியது. அது வந்தால் 2018 பாரிஸ் எல்லா நாட்டிலும் நடக்காதா?


#9 லாசப்பல் வாசகன் (பாரிஸ்)

நடக்கும், தம்பி, காசு முன்னுக்கு வராவிட்டால். அதற்காகச் சமூகக் காலநிலை நிதி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 2026 முதல் 2032 வரை, ஒன்றியத்தின் பங்கு 65 பில்லியன் யூரோ வரை. வசதி குறைந்த வீடுகளுக்குச் சுவர், யன்னல், ஹீட்டர் மாற்ற, பஸ் இல்லாத இடத்துக்குப் போக்குவரத்துக் கொடுக்க. ஒவ்வொரு நாடும் திட்டம் எழுதிக் கொடுத்தால்தான் காசு வரும். திட்டம் எழுதும்போது வாடகையாளர் சங்கத்தையும் தொழிற்சங்கத்தையும் கேட்கிறார்களா என்று இப்போதே பார்க்க வேண்டும். கட்டணம் வந்தபிறகு அங்கியைப் போட்டுக்கொண்டு தெருவில் நிற்பதைவிட அது நல்லது.


#10 சில்மலை (சூரிச்)

ரூர்க்கரையான் மாமா, ஜேர்மனியில் வாடகை வீட்டுக்காரர் தலையில் கட்டணம் என்று எழுதினீர்கள். அதைப் பிரிக்க ஒரு சட்டம் வந்ததாக டோர்ட்முண்டில் இருக்கும் என் மச்சாள் சொன்னாள். அவளுக்கும் விபரம் தெரியவில்லை. உண்மையா?


#11 ரூர்க்கரையான் (ஹம்)

உண்மைதான் மகள். நல்ல கேள்வி, முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும்.

2023 ஜனவரி முதல் கரிமக் கட்டணத்தை வீட்டு உரிமையாளரும் வாடகையாளரும் பிரித்துக்கொள்ள வேண்டும். வீடு எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு உரிமையாளரின் பங்கு கூடும். பத்துப் படி இருக்கிறது. மிக மோசமான வீட்டில் 95 வீதம் உரிமையாளர் தலையில். சுவரைத் திருத்தாதவர் செலவைச் சுமக்கட்டும் என்பதுதான் அதன் நியாயம். முற்போக்கான காலநிலைச் சட்டம் என்று யாராவது உதாரணம் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கட்டடம் முழுவதற்கும் ஒரே ஹீட்டர் என்றால் உரிமையாளர் ஆண்டுக் கணக்கில் தானே கழித்துக் காட்ட வேண்டும். மச்சாளின் கணக்குத் தாளில் அந்த வரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் வீட்டுக்குள்ளேயே தனி எரிவாயு ஹீட்டர் இருந்து, எரிவாயு நிறுவனத்துக்கு நீங்களே காசு கட்டுகிறீர்கள் என்றால், நீங்களாகத்தான் உரிமையாளரிடம் எழுதிக் கேட்க வேண்டும். நிறுவனத்தின் கணக்கு கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள். அந்தக் கணக்கிலேயே எத்தனை கிலோ கரியமில வாயு, எவ்வளவு கட்டணம் என்று அச்சிட்டிருக்கும். அந்தக் கிலோவை வீட்டின் சதுர மீற்றரால் பிரித்தால் எந்தப் படி என்று தெரிந்துவிடும்.

எங்கள் ஆட்கள் பலர் பழைய கட்டடங்களில் இப்படித் தனி ஹீட்டரோடுதான் இருக்கிறார்கள். கேட்டவர்கள் மிகக் குறைவு. உரிமையாளரோடு பகைக்க வேண்டாம் என்ற பயம் ஒன்று, ஜேர்மன் மொழியில் கடிதம் எழுதத் தெரியாதது ஒன்று. வரும் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, மதியப் பூசைக்குப் பிறகு நான் கோயில் பக்கம் இருப்பேன். இங்கே படித்து வளர்ந்த இரண்டு பிள்ளைகள் கடிதம் எழுத உதவ வருகிறார்கள். எரிவாயுக் கணக்கையும் வாடகை ஒப்பந்தத்தையும் கொண்டு வாருங்கள். வீட்டின் பரப்பளவு ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அளந்துகொண்டு வாருங்கள்.